கிளிப் போடும் முன், பல் எடுக்கும் முன்: ஆபத்துகளை வரிசையாகத் தெரிந்துகொள்ள

கிளிப் போட வேண்டும், அதற்கு நான்கு பல் எடுக்க வேண்டும் என்று மருத்துவர் சொன்னதும் பெரும்பாலோர் முதலில் கேட்பது வலிக்குமா என்றுதான். வலி சில நாளில் போய்விடும். கேட்க வேண்டியது வேறு: எந்தப் பல், எதற்காக, எடுக்காவிட்டால் என்ன ஆகும்? கம்பியைக் கொஞ்ச காலம் நிறுத்தி வைக்கலாம், கம்பியைப் பிடித்துக்கொள்ளப் பல்லில் ஒட்டிய சிறு துண்டான பிராக்கெட்டைக் கழற்றலாம், பாதி வழியில் திட்டத்தையே மாற்றலாம். சிகிச்சைக்காக எடுத்த பல்லை மட்டும் திரும்ப வைக்க முடியாது. அதனால் இந்தக் கட்டுரையில் பல் எடுக்கும் முடிவுக்கும் அதற்கு முந்தைய சோதனைகளுக்கும்தான் அதிக இடம். மற்ற ஆபத்துகளில் பெரும்பாலானவை நேரத்தில் கவனித்தால் தடுக்கக்கூடியவை.

முதலில், பல் எப்படி நகர்கிறது

பல்லின் வேர் தாடை எலும்பில் நேராகப் பதிந்திருப்பதில்லை. இரண்டுக்கும் நடுவே சுமார் 0.2 மி.மீ. தடிமனில் ஒரு நார்ப்படலம் இருக்கிறது. கம்பி பல்லை ஒரு பக்கம் தள்ளும்போது அந்தப் பக்கத்தில் படலம் நசுங்கி, அங்கே வரும் செல்கள் எலும்பைக் கரைக்கின்றன. எதிர்ப்பக்கத்தில் படலம் இழுபட்டு, புது எலும்பு உருவாகிறது. பல் நகர்வது இப்படித்தான். மாதத்துக்குச் சுமார் 1 மி.மீ. என்பதே வழக்கமான வேகம்.

விசை எவ்வளவு வேண்டும் தெரியுமா? ஒரு பல்லைச் சாய்க்க 35 முதல் 60 கிராம் போதும். வேரோடு சேர்த்து முழுப் பல்லையும் நகர்த்த 70 முதல் 120 கிராம். எலும்புக்குள் உள்நோக்கி அமுக்க 10 முதல் 20 கிராம்தான். இதைவிட அதிகமாக அழுத்தினால் நசுங்கிய படலத்தில் ரத்த ஓட்டமே நின்றுபோகும். அந்தத் திசு இறந்து, அதைச் சுத்தம் செய்ய உடல் சில வாரம் எடுத்துக்கொள்ளும். அதுவரை பல் அசையாது. அந்தச் சுத்தம் செய்யும் வேலையில்தான் வேரின் மேற்பரப்பும் சேர்ந்து அரிபடுகிறது. "இன்னும் கொஞ்சம் இறுக்கிவிடுங்கள், சீக்கிரம் முடியட்டும்" என்று கேட்கவே கூடாது என்பதற்குக் காரணம் இதுதான்.

கிளிப்புக்கு முந்தைய சோதனை

சொத்தை இருந்தால் முதலில் அடைக்க வேண்டும். பல் காரை இருந்தால் எடுக்க வேண்டும். பெரியவர்கள் என்றால் ஒவ்வொரு பல்லைச் சுற்றியும் ஈறுப் பையின் ஆழத்தை அளவுகோல் கம்பியால் அளந்து எழுதிக்கொள்வது அவசியம். 4 மி.மீ.க்கு மேல் ஆழமும் ரத்தக் கசிவும் இருந்தால் ஈறு நோய் நடந்துகொண்டிருக்கிறது என்று பொருள். அந்த நிலையில் பல்லை நகர்த்தினால் எலும்பு வேகமாகக் கரையும், பல் ஆடத் தொடங்கும். ஈறு நோயைக் கட்டுக்குள் கொண்டுவந்து, சில மாதம் அப்படியே நிலைத்திருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் கிளிப்.

வாய் முழுவதையும் காட்டும் ஓபிஜி எக்ஸ்ரே, பக்கவாட்டுத் தலை எக்ஸ்ரே, பல் அச்சு அல்லது ஸ்கேன், முகத்தையும் பற்களையும் காட்டும் புகைப்படங்கள் ஆகியவை இல்லாமல் பல் எடுக்கும் முடிவுக்கு யாரும் வரக்கூடாது. வாயைத் திறந்து பார்த்த ஐந்து நிமிடத்தில் "நான்கு பல் எடுத்துவிடலாம்" என்று சொன்னால், வேறு மருத்துவரிடம் ஒரு கருத்துக் கேளுங்கள்.

ஓபிஜியை உங்களிடமும் காட்டச் சொல்லி, இவற்றைக் கேளுங்கள். எல்லாப் பற்களும் இருக்கின்றனவா? கோரைப்பல்லுக்கும் பெரிய கடைவாய்ப்பற்களுக்கும் நடுவே இருக்கும் இரண்டு சிறிய பற்கள்தான் முன்கடைவாய்ப்பற்கள். கீழ்த்தாடையில் அவற்றில் இரண்டாவது பிறவியிலேயே இல்லாமல் போவது அரிதல்ல. அதைக் கவனிக்காமல் முதலாவது முன்கடைவாய்ப்பல்லை எடுத்தால் ஒரே பக்கத்தில் இரண்டு பல்லுக்கான வெற்றிடம் நிற்கும். எலும்புக்குள் மாட்டிக்கொண்ட பல் உண்டா? மேல் கோரைப்பல் அப்படி மாட்டிக்கொண்டு, பக்கத்து வெட்டுப்பல்லின் வேரைக் கரைத்துக்கொண்டிருக்கலாம். சந்தேகம் இருந்தால் அந்த இடத்துக்கு மட்டும் முப்பரிமாண எக்ஸ்ரே தேவைப்படும். வேர்களின் வடிவம் எப்படி? நுனி மழுங்கியோ, சொட்டுமருந்துக் குழாய் போல மெலிந்தோ இருக்கும் வேர்கள் சீக்கிரம் கரையும். ரூட் கெனால் செய்த பல், பெரிய சொத்தையுள்ள பல் எவை?

நீங்களாகச் சொல்ல வேண்டியவையும் உண்டு. சிறுவயதில் விழுந்து முன்பல்லில் அடிபட்டிருந்தால், அது இருபது வருடத்துக்கு முன்பு நடந்ததாக இருந்தாலும் சொல்லுங்கள். அடிபட்ட பல்லின் உள்நரம்பு நகர்த்தும்போது இறந்துபோகவும் வேர் அதிகம் கரையவும் வாய்ப்புண்டு. எலும்புத் தேய்வுக்கோ புற்றுநோய்க்கோ ஆலென்ட்ரோனேட், சோலெட்ரானிக் அமிலம், டெனோசுமாப் போன்ற மருந்துகள் எடுப்பவர்களுக்குப் பல் எடுத்த இடம் ஆறாமல் தாடை எலும்பே அழுகும் ஆபத்து இருக்கிறது. மாத்திரையாக எடுப்பவர்களைவிட, புற்றுநோய்க்காக ஊசியாக எடுப்பவர்களுக்கு இது மிக அதிகம். தலை, கழுத்துப் பகுதியில் கதிர்வீச்சு சிகிச்சை பெற்றவர்களுக்கும் இதே கவலை உண்டு. ரத்தம் உறையாமல் இருக்க மருந்து எடுப்பவர்கள் அதைத் தாங்களாக நிறுத்தக் கூடாது. நிறுத்தினால் மூளையிலோ இதயத்திலோ அடைப்பு வரலாம். பல் எடுத்த இடத்து ரத்தக் கசிவை அழுத்தியும் தையல் போட்டும் நிறுத்திவிட முடியும். செயற்கை இதய வால்வு, கட்டுப்படாத சர்க்கரை, கர்ப்பம், நிக்கல் ஒவ்வாமை இவற்றையும் சொல்லுங்கள். முதல் கட்டத்தில் போடும் நெகிழும் கம்பியில் பாதிக்கு மேல் நிக்கல்தான். மலிவு விலைக் கம்மல் போட்டால் காது புண்ணாகும் என்றால் அதையே சொன்னால் போதும், மருத்துவருக்குப் புரிந்துவிடும்.

பல் எடுக்கத்தான் வேண்டுமா?

இந்த முடிவில் கொஞ்சம் கணக்கு இருக்கிறது. அதைப் புரிந்துகொண்டால் மருத்துவரோடு பேசுவது எளிது.

ஒரு தாடையில் எல்லாப் பற்களும் வரிசையாக நிற்க எவ்வளவு இடம் வேண்டும், இருப்பது எவ்வளவு என்று அளப்பார்கள். குறைவது 4 மி.மீ.க்குள் என்றால் பெரும்பாலும் பல் எடுக்கத் தேவையில்லை. 10 மி.மீ.க்கு மேல் என்றால் எடுக்காமல் சமாளிப்பது கடினம். நடுவே உள்ள 5 முதல் 9 மி.மீ. வரைதான் இரு பக்கமும் வாதம் செய்யக்கூடிய பகுதி. உதட்டின் நிலை, ஈறின் தடிமன், தாடையின் அமைப்பு எல்லாம் அங்கே எடைபோடப்படும்.

இப்படி இடம் குறைவதைத்தான் நெருக்கம் என்கிறார்கள். அதோடு எத்துப்பல்லும் இருந்தால் கணக்கு மாறும். முன்பற்களை 1 மி.மீ. பின்னால் கொண்டுபோக 2 மி.மீ. இடம் செலவாகும், ஏனென்றால் வலப்பக்கம் 1, இடப்பக்கம் 1. ஒருவருக்குக் கீழ்த்தாடையில் 5 மி.மீ. நெருக்கம், முன்பற்களை 3 மி.மீ. உள்ளே தள்ள வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். 5-ஓடு 6 சேர்ந்து 11 மி.மீ. இடம் வேண்டும். ஒரு முன்கடைவாய்ப்பல்லின் அகலம் சுமார் 7 மி.மீ. இரண்டு எடுத்தால் 14. மீதமாகும் 3 மி.மீ.யைக் கடைவாய்ப்பற்களை முன்னால் நகர்த்தி மூட வேண்டும். இந்த மீதத்தை யார் எப்படி மூடுகிறார்கள் என்பதில்தான் முகம் எப்படி மாறும் என்பதும் இருக்கிறது. 3 மி.மீ. நெருக்கம் மட்டுமே உள்ள, உதடு ஏற்கெனவே தட்டையாக இருக்கும் ஒருவருக்கு அதே 14 மி.மீ.யைத் திறந்து, முழுவதையும் முன்பற்களைப் பின்னால் இழுத்தே மூடினால் உதடு உள்வாங்கிப் போகும். "பல் எடுத்ததால் முகம் கெட்டது" என்று சொல்லப்படுவதில் ஒரு பகுதி இப்படித் தவறாகப் போட்ட கணக்குதான். உங்களுக்கான இந்த எண்களை மருத்துவரிடம் கேட்டு வாங்குங்கள்: நெருக்கம் எத்தனை மி.மீ., முன்பல் எத்தனை மி.மீ. பின்னால் போகும், மீதம் எத்தனை?

பல் எடுக்காமல் இடம் பண்ணும் வழிகள் நான்கு. பற்களின் பக்கவாட்டை மெல்லத் தேய்ப்பது ஒன்று. இரு பற்கள் தொடும் ஓர் இடத்தில் 0.5 மி.மீ. வரை எடுக்கலாம், ஆறு முன்பற்களுக்கு நடுவே உள்ள ஐந்து இடங்களில் 2.5 மி.மீ. கிடைக்கும். இரண்டாவது, மேல் அண்ணத்தை விரிப்பது. அண்ணத்தின் நடுவே உள்ள எலும்பு இணைப்பு பதின்பருவத்தின் நடுவரை இளகியிருக்கும். அதற்குப் பிறகு சாதாரண விரிப்பானால் எலும்பு விரியாது, பற்கள்தான் வெளியே சாயும். மூன்றாவது, கடைவாய்ப்பற்களைப் பின்னால் தள்ளுவது. இதற்கு எலும்பில் சிறு திருகாணி போட வேண்டியிருக்கலாம், ஞானப்பல் தடையாக இருந்தால் அதை எடுக்கவும் வேண்டும். நான்காவது, முன்பற்களை வெளியே சாய்ப்பது.

பல் எடுக்காத சிகிச்சை என்றாலே ஆபத்து இல்லாதது என்று நினைத்துவிடாதீர்கள். கீழ் முன்பற்களின் வெளிப்பக்கத்தில் பலருக்கு எலும்பு காகிதம்போல மெலிதாக இருக்கும். அங்கே பல்லை வெளியே தள்ளினால் வேர் எலும்பை விட்டு வெளியே வந்து, ஈறு கீழிறங்கி, பல் நீண்டு தெரியும். போன ஈறைத் திரும்பக் கொண்டுவர ஒட்டு அறுவை சிகிச்சைதான் வழி.

எடுப்பது என்று முடிவானால் எந்தப் பல்? வழக்கமாக முதல் முன்கடைவாய்ப்பல்தான். நெருக்கம் இருக்கும் இடத்துக்கு அது பக்கத்தில் இருக்கிறது, அதன் இடத்தை ஏறக்குறைய அதே வடிவமுள்ள இரண்டாவது நிரப்பிவிடும். ஆனால் இது எல்லோருக்கும் பொருந்தும் விதி கிடையாது. உதடு அதிகம் உள்ளே போகக் கூடாது என்றால் இரண்டாவதை எடுக்கலாம். வாயில் ஏற்கெனவே ஆழமான சொத்தையோடு ஒரு முதல் கடைவாய்ப்பல் இருந்தால், நல்ல முன்கடைவாய்ப்பல்லை விட்டுவிட்டு அந்தக் கெட்ட பல்லை எடுக்க முடியுமா என்று கட்டாயம் கேளுங்கள். இடைவெளி பெரிதாக இருப்பதால் சிகிச்சை நீளும், கம்பி வேலையும் கடினம். ஆனாலும் ஒரு நல்ல பல் வாயிலேயே இருக்கும்.

தாடை மூட்டு வலி வரும், மூச்சுப்பாதை குறுகித் தூக்கத்தில் மூச்சு நிற்கும் என்ற பயங்களும் பரவலாக இருக்கின்றன. பல் எடுத்துக் கிளிப் போடுவதால் தாடை மூட்டுக் கோளாறு வருகிறது என்பதை ஆய்வுகள் உறுதிப்படுத்தவில்லை. தூக்க மூச்சுத்திணறல் பற்றி அமெரிக்கப் பல் சீரமைப்பு மருத்துவர்கள் சங்கம் 2019-இல் வெளியிட்ட அறிக்கையும் பல் எடுப்பதை அதற்குக் காரணமாக ஏற்கவில்லை. உங்களுக்கு ஏற்கெனவே மூட்டில் வலியோ பலத்த குறட்டையோ இருந்தால் அதைத் தனியாகச் சொல்லிப் பரிசோதித்துக்கொள்ளுங்கள்.

இந்த முடிவில் காலத்தின் போக்கும் கலந்திருக்கிறது. அமெரிக்காவின் வட கரோலினா பல்கலைக்கழக மருத்துவமனையில் பல் எடுத்துச் சிகிச்சை பெற்றவர்கள் 1953-இல் 30 விழுக்காடு, 1968-இல் 76 விழுக்காடு, 1993-இல் 28 விழுக்காடு. நோயாளிகளின் தாடை நாற்பது ஆண்டில் அப்படி ஏறி இறங்கியிருக்காது. மாறியது மருத்துவர்களின் நம்பிக்கை. இரண்டாவது கருத்துக் கேட்பதை எந்த நல்ல மருத்துவரும் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்.

தவறான பல்லை எடுத்துவிடும் ஆபத்து

கிளிப் போடுபவர் ஒருவர், பல் எடுப்பவர் இன்னொருவர் என்பதே பல இடங்களில் வழக்கம். நடுவே ஒரு சீட்டு. அந்தச் சீட்டில்தான் தவறு நுழைகிறது.

பற்களுக்கு எண் கொடுக்கும் முறைகள் ஒன்றுக்கு மேற்பட்டவை. பெரும்பாலான நாடுகளில் உள்ள இரண்டு இலக்க முறையில் 14 என்றால் மேல் வலப்பக்க முதல் முன்கடைவாய்ப்பல். அமெரிக்காவில் பழக்கத்தில் உள்ள 1 முதல் 32 வரையிலான முறையில் அதே 14 மேல் இடப்பக்க முதல் கடைவாய்ப்பல். 24 என்பது முதல் முறையில் மேல் இடப்பக்க முன்கடைவாய்ப்பல். இரண்டாவது முறையில் கீழ்த்தாடையின் நடு வெட்டுப்பல். ஆகவே சீட்டில் எண் மட்டும் இருந்தால் போதாது. "மேல் வலம், முதல் முன்கடைவாய்ப்பல், கோரைப்பல்லுக்கு அடுத்தது" என்று எழுத்திலும் இருக்க வேண்டும். கூடவே ஓபிஜியில் எடுக்க வேண்டிய பற்களில் குறியிட்ட படம் இருந்தால் இன்னும் நல்லது.

சிறுவர்களுக்குப் பால்பல் மிச்சம் இருந்தாலோ, ஏற்கெனவே ஒரு பல் இல்லாவிட்டாலோ எண்ணிக்கை எளிதில் தவறும். முதல், இரண்டாம் முன்கடைவாய்ப்பற்கள் பார்க்க ஒன்றுபோலவே இருக்கும்.

செய்ய வேண்டியது எளிது. மரத்துப்போகும் ஊசி போடும் முன், எடுக்கப்போகும் ஒவ்வொரு பல்லையும் கருவியால் தொட்டுக் காட்டச் சொல்லுங்கள். கையில் கண்ணாடியோடு, சீட்டைப் பார்த்து, கோரைப்பல்லிலிருந்து நீங்களும் எண்ணுங்கள். சிறுவர் என்றால் பெற்றோர் பக்கத்தில் நின்று எண்ண வேண்டும். ஒரு நிமிடம்கூட ஆகாது. ஒருவேளை தவறான பல் வெளியே வந்துவிட்டால், வேரைத் தொடாமல் தலைப்பகுதியைப் பிடித்து, அதே குழியில் உடனே திரும்ப வைத்துப் பக்கத்துப் பற்களோடு கட்ட வேண்டும். வேரில் ஒட்டியிருக்கும் செல்கள் காயக் காய அந்தப் பல் பிழைக்கும் வாய்ப்பு குறையும்.

பல் எடுக்கும் நாளும் அதற்கு அடுத்த வாரமும்

மரத்த பிறகு அழுத்தம் தெரியும், கூர்மையான வலி தெரியக் கூடாது. தெரிந்தால் கையைத் தூக்குங்கள். இன்னொரு ஊசி போடலாம். மேல் முதல் முன்கடைவாய்ப்பல்லுக்குப் பெரும்பாலும் இரண்டு மெல்லிய வேர்கள். அதில் ஒன்றின் நுனி உடைவது நடக்கக்கூடியதே. உடைந்தால் எடுத்தாரா, விட்டாரா என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பின்னர் அந்த இடத்துக்குள் இன்னொரு பல்லை நகர்த்தப்போகிறார்கள், மிச்சத் துண்டு வழியை அடைக்கும். நான்கையும் ஒரே நாளில் எடுக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. ஒரு பக்கம் முடித்து ஒரு வாரம் கழித்து மறுபக்கம் எடுத்தால், இடையில் சாப்பிட ஒரு பக்கம் இருக்கும்.

எடுத்த இடத்தில் மடித்த துணிப்பஞ்சை வைத்து 30 முதல் 45 நிமிடம் அழுத்திக் கடியுங்கள். அடிக்கடி எடுத்துப் பார்த்தால் உறைந்த ரத்தம் பிய்ந்து மறுபடி கசியும். உமிழ்நீரில் லேசான சிவப்பு ஒரு நாள் வரை இருக்கலாம். முதல் 24 மணி நேரம் கொப்பளிக்கக் கூடாது, வேகமாகத் துப்பக் கூடாது, உறிஞ்சுகுழலில் குடிக்கக் கூடாது, புகை கூடவே கூடாது. மறுநாளிலிருந்து வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரை வாயில் வைத்துத் தலையை மெல்ல இருபுறமும் சாய்த்து, தானாக வழியவிடுங்கள். மரப்பு இருக்கும் சில மணி நேரத்துக்குள் சிறுவர்கள் தெரியாமல் உதட்டைக் கடித்துப் புண்ணாக்கிக்கொள்வார்கள்; மரப்பு போகும்வரை மென்று சாப்பிடக் கொடுக்காதீர்கள்.

வலி முதல் இரண்டு நாளில் குறையத் தொடங்க வேண்டும். குறைந்த வலி இரண்டாம் நாளிலிருந்து ஐந்தாம் நாளுக்குள் திரும்ப ஏறி, காதுவரை பரவி, வாயில் நாற்றமும் இருந்தால் அது உலர்குழி. ரத்தக்கட்டி கரைந்து எலும்பு வெளியே தெரிவதுதான் காரணம். முன்கடைவாய்ப்பல் எடுக்கும்போது இது அரிது. கீழ் ஞானப்பல் எடுத்தவர்களுக்கும் புகைப்பவர்களுக்கும் அதிகம். மருத்துவர் குழியைக் கழுவி மருந்து வைத்தால் தீரும். அரை மணி நேரம் விடாமல் அழுத்தியும் ரத்தம் நிற்காவிட்டால், காய்ச்சலோடு வீக்கம் ஏறினால், வாய் திறக்க முடியாமல் போனால் காத்திருக்காதீர்கள். விழுங்கவோ மூச்சுவிடவோ சிரமமானால் நேராக அவசர சிகிச்சைப் பிரிவு. கீழ் ஞானப்பல்லை எடுத்த பிறகு உதடோ நாக்கோ மறுநாளும் மரத்தே இருந்தால் நரம்பு பாதித்திருக்கலாம். பெரும்பாலும் சில வாரங்களில், மாதங்களில் திரும்பும், சிலருக்கு நிரந்தரமாகவே தங்கிவிடும். ஆகவே அன்றே தெரிவிக்க வேண்டும்.

பல் எடுத்துவிட்டுக் கிளிப் போடுவதை மாதக்கணக்கில் தள்ளிப்போடாதீர்கள். பல் போன இடத்தில் எலும்பின் அகலம் ஒரு வருடத்தில் சுமார் பாதி குறைகிறது, அதில் பெரும்பங்கு முதல் மூன்று மாதத்திலேயே. ஒடுங்கிய எலும்புக்குள் பல்லை நகர்த்துவது மெதுவாகும். ஈறும் மடிந்து உள்ளே புகுந்து, மூடிய இடைவெளி திரும்பத் திறக்கக் காரணமாகும்.

கிளிப் இருக்கும் காலம்

அதிகம் பேரைப் பாதிப்பது வெள்ளைத் திட்டுதான். பிராக்கெட்டுக்கும் ஈறுக்கும் நடுவே உள்ள ஒடுங்கிய பட்டையில் அழுக்குப் படிந்தால் நான்கு வாரத்திலேயே எனாமல் சுண்ணாம்பு நிறத்துக்கு மாறும். கிளிப்பைக் கழற்றும் நாளில், நேரான பற்களின்மேல் சதுரச் சதுரமாக அந்தத் தடம் தெரியும். தடுக்க வழி இதுதான்: மென்மையான பிரஷ்ஷை முதலில் ஈறுப்பக்கம் சாய்த்து பிராக்கெட்டின் மேலே, பிறகு அடிப்பக்கம் சாய்த்து அதன் கீழே, ஒவ்வொரு பல்லாகத் தேயுங்கள். கம்பிக்கு அடியில் நுழைய சிறிய இடைப்பல் பிரஷ் வேண்டும். ஃபுளோரைடு 1,450 பிபிஎம் அளவுள்ள பேஸ்ட், தினம் இரு முறை. துப்பிவிட்டுத் தண்ணீரில் கொப்பளிக்காமல் விடுங்கள். பல் துலக்காத வேறொரு நேரத்தில் 0.05 விழுக்காடு சோடியம் ஃபுளோரைடு கரைசலால் கொப்பளித்து, அரை மணி நேரம் எதுவும் சாப்பிடாமல் இருங்கள். சர்க்கரை பானங்களைக் கொஞ்சம் கொஞ்சமாக நாள் முழுக்க உறிஞ்சும் பழக்கம் இந்தத் திட்டை அதிகமாக்கும். மூன்று மாதமாகியும் வாய் சுத்தம் சரிப்படவில்லை என்றால் கிளிப்பைக் கழற்றிவிடுவதே நல்லது. கோணல் பல்லோடு வாழலாம், ஓட்டை விழுந்த நேர்ப்பல்லால் பயனில்லை.

வேர் கரைவது வலி இல்லாமல் நடக்கும். எக்ஸ்ரேயில் மட்டுமே தெரியும். நுனியில் ஒன்றிரண்டு மி.மீ. வரை குறைவது பலருக்கு உண்டு, அதனால் கெடுதல் ஒன்றுமில்லை. 100 பேரில் 1 முதல் 5 பேருக்கு மட்டும் 4 மி.மீ.க்கு மேலோ வேரின் மூன்றில் ஒரு பங்குக்கு மேலோ போகிறது. மேல் முன்பற்களில்தான் அதிகம். பல் எடுத்த இடத்தை மூட அவற்றை நெடுந்தூரம் இழுப்பதும், சிகிச்சை நீள்வதும் ஆபத்தைக் கூட்டும். ஆகவே கிளிப் போட்ட 6 முதல் 12 மாதத்துக்குள் முன்பற்களுக்கு ஓர் எக்ஸ்ரே எடுத்து முதல் எக்ஸ்ரேயோடு ஒப்பிடச் சொல்லிக் கேளுங்கள். கரைவது தெரிந்தால் மூன்று மாதம் விசை கொடுக்காமல் நிறுத்தி வைப்பார்கள். அப்போதே திட்டத்தைச் சுருக்குவது பற்றியும் பேசுங்கள். விசை நின்றால் கரைவதும் நிற்கும். போன வேர் வளராது.

ஒரு பல் மட்டும் சாம்பல் நிறமாக மாறினால், சூடு பட்டால் வலித்தால், ஈறில் பரு போல வீங்கினால் அதன் நரம்பு இறந்திருக்கலாம். அடுத்த முறை வரும்போது சொல்லலாம் என்று இருக்காதீர்கள்.

கம்பி மாற்றிய சில மணி நேரத்தில் வலி தொடங்கி, ஒரு நாளில் உச்சத்துக்குப் போய், ஒரு வாரத்தில் அடங்கும். வயதுக்கேற்ற அளவில் பாராசிட்டமால் போதும். இபுப்ரோஃபென் போன்றவற்றைத் தொடர்ந்து எடுத்தால் பல் நகர்வது மந்தமாகலாம். கன்னத்தைக் குத்தும் பிராக்கெட்டையோ கம்பி முனையையோ பஞ்சால் துடைத்துக் காயவைத்து, பட்டாணி அளவு மெழுகை உருட்டி ஒட்டுங்கள். ஈரத்தின்மேல் மெழுகு நிற்காது. கிளிப்பிலிருந்து உடைந்த துண்டு தொண்டைக்குள் போய் விடாத இருமலோ மூச்சிரைப்போ வந்தால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

பற்களை இழுக்க பிராக்கெட்டுகளில் மாட்டச் சொல்லும் ரப்பர் பேண்டைச் சொன்ன நேரம் போடுங்கள், தினம் மாற்றுங்கள். ஒரு நாள் விட்டுப்போனால் மறுநாள் இரண்டாகப் போடாதீர்கள், விசை இரட்டிப்பாகும். முன்பல் இடைவெளியை வீட்டிலேயே மூடப் பல்லைச் சுற்றி ரப்பர் மாட்டுவது இதைவிடப் பல மடங்கு கொடியது. பல்லின் வேர் கீழே போகப்போகக் கூம்பாக ஒடுங்கும். ரப்பர் அந்தச் சரிவில் ஈறுக்குள் வழுக்கி இறங்கிக் கண்ணுக்குத் தெரியாமல் போய், சுற்றியுள்ள நாரையும் எலும்பையும் அறுத்துக்கொண்டே நுனிவரை போகும். முதலில் இடைவெளி மூடுவதைப் பார்த்து மகிழ்வார்கள். சில வாரத்தில் இரண்டு முன்பற்களும் ஆடி விழும். சொத்தையே இல்லாத பற்கள் அவை.

இடைவெளி மூடும் கட்டத்தில் ஒவ்வொரு மாதமும் கண்ணாடியில் மூன்றைப் பாருங்கள். மேல், கீழ் நடுக்கோடு விலகுகிறதா? முன்பற்கள் உள்நோக்கிச் சாய்ந்து, மேல்வரிசை கீழ்வரிசையை முழுதாக மறைக்கத் தொடங்குகிறதா? முன்பல் நகராமல் கடைவாய்ப்பல்தான் முன்னால் வருகிறதா? மூன்றுக்குமே திருத்தம் உண்டு, ஆனால் இடம் முழுதும் மூடிய பிறகு சொன்னால் மிகக் கடினம். மருத்துவரிடம் வழக்கமாக 4 முதல் 8 வாரத்துக்கு ஒருமுறை போவதை விட்டுப் பல மாதம் போகாமல் இருந்துவிட்டால், கம்பி தன்பாட்டுக்கு வேலை செய்துகொண்டேயிருக்கும்.

கழற்றிய பிறகு

கழற்றும் நாளில் பற்கள் புது இடத்தில் நிற்கின்றன, ஆனால் பழைய நார்கள் இன்னும் இழுத்துக்கொண்டிருக்கின்றன. ஈறில் உள்ள நார்கள் தளர ஏறக்குறைய ஒரு வருடமாகும். திரும்பியிருந்த பல்லை நேராக்கியிருந்தால் அதுதான் முதலில் பழைய கோணத்துக்குப் போகப் பார்க்கும். பற்களைப் புது இடத்திலேயே பிடித்து வைக்கும் ரிடெய்னரை முதல் சில மாதம் சாப்பிடவும் பல் துலக்கவும் தவிர எப்போதும், பிறகு இரவு மட்டும், மருத்துவர் சொல்லும் கணக்கில் போடுங்கள். எத்தனை வருடத்துக்கு என்று கேட்டால், பல் நேராக இருக்க வேண்டும் என்று விரும்பும்வரை. வெள்ளைத் திட்டு இருந்தால் முதல் சில மாதம் வழக்கமான பேஸ்ட்டும் உமிழ்நீருமே அதைக் கொஞ்சம் குறைக்கும். உடனே தேய்த்தெடுக்கவோ வெளுக்கவோ அவசரப்படாதீர்கள்.

பற்களின் உட்பக்கம் ஒட்டும் கம்பி ரிடெய்னர் மறதிக்காரர்களுக்கு நல்லது, ஆனால் அது ஒரு பல்லில் மட்டும் விட்டுப்போனால் தெரியாது. வாரம் ஒருமுறை நகத்தால் ஒவ்வொரு பல்லிலும் கம்பியை லேசாக நெம்பிப் பாருங்கள். அசைந்தால் அந்த வாரமே ஒட்ட வேண்டும். ஒட்டியபடியே இருக்கும் கம்பி வளைந்துபோய், ஒரு பல்லை மெல்ல மெல்லத் திருப்பி அதன் வேரை எலும்புக்கு வெளியே தள்ளுவதும் உண்டு. ஒரு முன்பல் மட்டும் திடீரென்று மற்றவற்றைவிட வெளியே வந்தாலோ உள்ளே போனாலோ, ஒரு பல்லின் ஈறு மட்டும் இறங்கினாலோ கம்பியைச் சோதிக்கச் சொல்லுங்கள். கழற்றும் ரிடெய்னர் தொலைந்தால் அல்லது உடைந்தால் ஓரிரு நாளுக்குள் புதிது செய்துகொள்ளுங்கள். பழையதைச் சில வாரம் போடாமல் விட்டுத் திரும்பப் போடும்போது இறுக்கமாக இருந்தாலும் முழுதாக உட்கார்ந்தால், சில இரவுகள் தொடர்ந்து போட்டால் சரியாகிவிடும். உட்கார மறுத்தால் கடித்து அழுத்தி மாட்டாதீர்கள். அதைக் கையோடு எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போங்கள்.